போர் பண்ணிய எஞ்சினில் ஒயில் கசிவு: குற்றம் காஸ்கட்டினுடையதா?

"இரண்டு முறை காஸ்கட் மாற்றியாகிவிட்டது. மூன்றாம் முறையும் ஒயில் வடிகிறது." எஞ்சினை 'போர்' பண்ணிப் பெரிதாக்கிய மோட்டார் சைக்கிள் சொந்தக்காரர்கள் கராஜ்களில் சொல்லும் முறைப்பாடு இது. சொல்பவர் வேகத்தில் ஆசைப்பட்ட இளைஞராக இருந்தால், பொழுதுபோக்குக்கான செலவு என்று விட்டுவிடலாம். ஆனால் யாழ் குடாநாட்டில் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கடை. விடியற்காலையில் குருநகரிலோ பாசையூரிலோ மீன் எடுத்து, பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வலிகாமத்துக் கிராமங்களுக்கு ஓடுபவர், புடவை மூட்டையுடன் வீடு வீடாகச் செல்பவர், பழைய இரும்பு சேர்ப்பவர் ஆகியோருக்கு வண்டி ஒரு நாள் கராஜில் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் சோனகத் தெருவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் திரும்பிய குடும்பங்களிலும் இத்தகைய நடமாடும் வியாபாரத்தையே நம்பியிருப்போர் உள்ளனர். ஆகவே இது மெக்கானிக்மார் மாத்திரம் அறிந்திருக்க வேண்டிய விடயமல்ல.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாருக்கு எஞ்சினோடு மல்லுக்கட்டுவது புதிதுமல்ல. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு. அதனால் எஞ்சின் தட்டும், சூடேறும். தட்டுகின்ற எஞ்சினில் ஹெட் காஸ்கட் நீடிக்காது. அன்று எரிபொருளின் குறையினால் வந்த அதே வில்லங்கத்தைத்தான் இன்று நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். எப்படி என்பதைக் கீழே பார்ப்போம்.

இந்த ஆசை பரவியதற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலையும் ஏறியது. பெரிய வண்டி வாங்க முடியாதவர், இருக்கும் வண்டியைப் பெரிதாக்க நினைப்பதில் வியப்பில்லை. பிளொக்கையும் பிஸ்டனையும் மாற்றினால் 150 வண்டி 180 ஆகிவிடும் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

நமது வீதிகளில் அதிகம் காணப்படும் பஜாஜ் பல்சரையே எடுத்துக்கொள்வோம். 149 சி.சி. கொண்ட பழைய பல்சர் 150இன் போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் 56.4 மி.மீ. ஆகும். பல்சர் 180இன் ஸ்ட்ரோக்கும் அதே 56.4 மி.மீ. தான். போர் மாத்திரம் 63.5 மி.மீ.; அதனால் 178.6 சி.சி. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதாலேயே 180இன் சாமான்களை 150இல் ஏற்றும் யோசனை பலருக்கு வருகிறது. (பின்னர் வந்த 150 மாடல்களில் போர் 56, ஸ்ட்ரோக் 60.7. மாடலைப் பார்க்காமல் பிளொக் வாங்கி ஏமாறக் கூடாது.)

போர் கூடியது ஐந்தரை மில்லிமீற்றர் மாத்திரமே. ஆனால் பரப்பளவு ஏறக்குறைய 20 சதவீதம் கூடிவிடுகிறது. அதாவது, எரியும் வாயு ஹெட்டை மேலே தள்ளுகின்ற விசையும் அதே அளவு கூடுகிறது. அந்த ஹெட்டைக் கீழே பிடித்து வைத்திருப்பவையோ அதே பழைய ஸ்டட்கள். அவை இறங்கியிருப்பதும் அதே பழைய அலுமினிய மரைகளில்.

இது போதாதென்று கம்பிரஷனும் ஏறுகிறது. முன்னர் 9.5க்கு 1 என்றிருந்த எஞ்சினில் ஹெட்டின் குழியை மாற்றாமல் 178.6 சி.சி.யை அடக்கினால், விகிதம் 11க்கு மேல் போய்விடும். காற்றினால் மாத்திரம் குளிரும் எஞ்சினில், 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு, இருவரையும் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மத்தியான வெயிலில் ஏ-9 வீதியில் ஆனையிறவு நோக்கி ஓடினால் அது தட்டாமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெய்க் காலத்தின் வில்லங்கம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

மூன்றாவது விடயம் கண்ணுக்குத் தெரிவது. ஓட்டை பெரிதானால் ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பு ஒடுங்கும். போருக்கும் ஸ்டட் துளைக்கும் இடையில், போருக்கும் டைமிங் செயின் போகும் வழிக்கும் இடையில் காஸ்கட் உட்காருவதற்கு இருந்த இடம் குறைந்து போகிறது.

எங்கே கசிகிறது?

காஸ்கட்டை மாற்றுவதற்கு முன்னர் செய்ய வேண்டியது கசிவின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதாகும். பலரும் இதைச் செய்வதில்லை. ஒயில் கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே ஈரமாக இருக்கும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி நன்றாக உலர்த்துங்கள். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மூட்டுகளைச் சுற்றித் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் முதலில் நனைந்த இடமே குற்றவாளியின் வீடு. செலவு சில ரூபாய்கள்தான். இதைச் செய்யாமல் முழு எஞ்சினையும் கழற்றிய பின்னர், கசிந்தது வால்வு மூடியின் ரப்பர் என்று கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஹெட் காஸ்கட்டினால் வாயு வெளியேறுகிறதா என்று பார்ப்பதற்குச் சவர்க்கார நீர் போதும். மூட்டைச் சுற்றித் தடவிவிட்டு, கிக்கரை மெதுவாக மிதித்தால் குமிழி வரும். ஓடும்போது 'சிக், சிக்' என்ற சத்தமும், மூட்டில் கரிய கோடும் இதே நோயின் அடையாளங்கள்.

ஒரு ஸ்டட்டின் அடியில் மாத்திரம் ஒயில் வருமானால் அந்த ஸ்டட் துளையைச் சந்தேகியுங்கள். பல எஞ்சின்களில் ஒயில் மேலே ஏறுவதே ஒரு ஸ்டட் துளை வழியாகத்தான். அதற்கென்று மூடிய நட்டும் செப்பு வொஷரும் கம்பனியிலிருந்து வந்திருக்கும். கழற்றிப் பூட்டும்போது அவை இடம் மாறிவிட்டால் புதிய காஸ்கட்டும் கசியும்.

கழற்றினால் பார்க்க வேண்டியவை

பழைய காஸ்கட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதுதான் சாட்சி. நெருப்பு வளையத்தின் ஒரு பக்கம் மாத்திரம் நன்றாக நசுங்கி, மறுபக்கம் நசுங்காமல் இருந்தால் ஹெட் அல்லது பிளொக் கோணல். உள் விளிம்பு கருகி உதிர்ந்திருந்தால், காஸ்கட்டின் ஓட்டை போரை விடச் சிறியது. 63.5 மி.மீ. போருக்கு 58 மி.மீ. போரின் காஸ்கட்டைப் போட்டால், சுற்றிவர இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் நெருப்புக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது சிவந்து எரியும். பிளக் பொறி விடும் முன்னரே பெற்றோலைப் பற்ற வைத்துப் பிஸ்டனையும் சேர்த்துக் கெடுக்கும். காஸ்கட்டின் ஓட்டை போரை விட ஒரு மில்லிமீற்றரளவு பெரிதாக இருப்பதே பாதுகாப்பானது.

அடுத்தது ஸ்லீவ். இந்த ஒரு விடயத்திலேயே அதிகமான வேலைகள் கெட்டுப் போகின்றன என்பது எனது அபிப்பிராயம். பெரிய ஸ்லீவ் இறக்கிய பின்னர் பிளொக்கின் மேல்முகத்தை லேத்தில் ஒரே மட்டமாகச் சீவ வேண்டும். ஸ்லீவ் அலுமினியத்தை விட மயிரிழை கீழே இறங்கியிருந்தாலும் நெருப்பு வளையத்தை அழுத்த எதுவும் இருக்காது. எத்தனை காஸ்கட் போட்டாலும் அது ஊதும். ஆனால் சீவியபோது பிளொக்கின் உயரம் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கம்பிரஷன் இன்னும் ஏறும், டைமிங் செயின் தளரும், வால்வு பிஸ்டனுக்கு அருகில் வரும். பூட்டிய பின்னர் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

கீழே, கிராங்க் கேஸின் வாயையும் பாருங்கள். பருத்த ஸ்லீவ் இறங்குவதற்காக அதைச் சீவியிருந்தால், அடிக் காஸ்கட் உட்காரும் இடம் ஒடுங்கியிருக்கும். அளவுக்கு மேல் சீவப்பட்ட கேஸை எந்தக் காஸ்கட்டும் காப்பாற்றாது. அதைத் தொடக்கத்திலேயே வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுவதே நேர்மை.

மட்டம் பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. நேரான இரும்புச் சட்டத்தை ஹெட்டின் முகத்தில் குறுக்கும் மறுக்குமாக வைத்து, 0.05 மி.மீ. பீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால், தடித்த கண்ணாடியின் மேல் 400 நம்பர் வோட்டர் பேப்பரை விரித்து, எட்டு வடிவில் தேய்த்து எடுக்கலாம். அதிகம் கோணியிருந்தால் லேத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இடம் காட்டும் டொவல் பின்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

நட் இறுக்குவது கை உணர்வினால் செய்யும் வேலையல்ல. மரையைச் சுத்தம் செய்து, ஒரு துளி ஒயில் விட்டு, குறுக்காக மாறி மாறி, இரண்டு மூன்று கட்டங்களில், அந்த எஞ்சினுக்குக் கம்பனி குறித்த அளவு வரை டோர்க் ரென்சினால் இறுக்க வேண்டும். இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே போகும் ஸ்டட் அலுமினிய மரையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதற்கு இரும்பு மரை இறக்கித்தான் ஆக வேண்டும். செப்புக் காஸ்கட் போடுவோர் அதைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டு மெதுவாக்கிய பின்னரே போட வேண்டும். காய்ச்சாத செப்பு படியாது.

சிலிக்கனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கசிவு என்றதும் டியூபைப் பிழிவது ஒரு வியாதியாகவே மாறிவிட்டது. வெளியில் பிதுங்கித் தெரியும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துண்டு ஒயில் வழியை அடைத்தால் கேம் ஷாப்ட் காய்ந்து இறுகும். ஹெட் காஸ்கட்டுக்குச் சிலிக்கன் கூடவே கூடாது.

யாரும் பார்க்காத குழாய்

எல்லாம் சரி, மட்டமும் சரி, ஆனாலும் ஒயில் வடிகிறது என்றால் எஞ்சின் மூச்சுவிடும் குழாயைப் பாருங்கள். பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் கிராங்க் கேஸிலுள்ள காற்றைத் தள்ளுகிறது. முன்னர் 149 சி.சி. தள்ளியது இப்போது 178 சி.சி. தள்ளுகிறது. புதிய ரிங் படியும் வரை மேலிருந்து வாயுவும் சிறிது இறங்கும். பழைய ஒடுங்கிய குழாய் சேற்றினாலோ மடிந்தோ அடைபட்டிருந்தால், அந்த அமுக்கம் எங்கே மெலிவான இடம் உண்டோ அங்கே ஒயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மெக்கானிக் காஸ்கட்டைத் திட்டுவார். குழாயைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள்; கசிவு குறைந்தால் வேலை முடிந்தது, சற்றுப் பருத்த குழாயைப் போட்டால் போதும். ரிங் படிந்த பின்னரும் குழாயால் புகை தள்ளுமானால் குறை ரிங்கில் அல்லது போரில்.

கம்பிரஷன் ஏறியதற்கான மருந்து வேறு. 180இன் ஹெட்டையே போடுவது, அல்லது பிளொக்கின் அடியில் தடித்த அலுமினியத் தட்டு வைத்து உயர்த்துவது, கார்புரேட்டரின் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி எரிபொருளைக் கூட்டுவது, 95 ஒக்டேனுக்கு மாறுவது என்பன வழிகள். ஒவ்வொன்றும் செலவு. 2022இல் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த நாட்களை நினைத்துப் பார்ப்பவர், பெரிய போர் கூடுதலாகக் குடிக்கும் என்பதையும் கணக்கில் எடுப்பார்.

வியாபாரக் கணக்கு

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வரும் வேலைக்குக் கூலி கேட்க முடியாது. காஸ்கட்டும் ஒயிலும் உங்கள் கைச் செலவு. புதிய வேலைக்குரிய நேரமும் போய்விடும். டோர்க் ரென்ச், பீலர் கேஜ், ஒரு கண்ணாடித் துண்டு ஆகியவற்றின் விலையை இரண்டு மூன்று திரும்பல்களின் நட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போர் அளவு, காஸ்கட் அளவு, இறுக்கிய அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், பின்னர் தகராறு வரும்போது வாயால் வாதாட வேண்டியதில்லை.

வண்டியை நம்பி வியாபாரம் செய்வோர் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். தேவை வேகமா, இழுவையா? குடாநாட்டில் ஏறி இறங்க மலையில்லை. பாரம் இழுக்கத்தான் சிரமம் என்றால், பின் சில்லின் பல்சக்கரத்தில் இரண்டு மூன்று பற்களைக் கூட்டினால் எஞ்சினைத் திறக்காமலே இழுவை கூடும். உச்ச வேகம் சற்றுக் குறையும். மீன் பெட்டியோடு போகிறவருக்கு அது நட்டமில்லை.

பதிவுப் புத்தகத்தில் எஞ்சினின் கொள்ளளவு எழுதப்பட்டிருப்பதையும் மறக்கக் கூடாது. புத்தகத்தில் 150 என்றிருக்க, வீதியில் 180 ஓடினால், விபத்தொன்றின் பின்னர் காப்புறுதிக்குச் செல்லும்போது கேள்வி எழலாம். விற்கும்போதும் அப்படியே. போர் பண்ணியதையும் எப்போது பண்ணியது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லியே விலை பேச வேண்டும். குறையைச் சொல்லி விற்பது எமக்குப் புதிதாகப் படிக்க வேண்டிய பாடமல்ல.

ஏற்கனவே போர் பண்ணி, கசிவையும் நிறுத்தியவர்கள் முதல் 500 கி.மீ. வரை எஞ்சினை விரட்டாமல் ஓட்டுங்கள். ஒயிலை மாற்றுங்கள். சாதாரண நார்க் காஸ்கட் போட்டிருந்தால், இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், காலையில் நட்களை மறுபடி அளவுக்கு இறுக்கி, அதன் பின்னர் வால்வு இடைவெளியையும் சரிபார்த்துவிட்டே பாரம் ஏற்றுங்கள்.