பனி கொட்டும் நாளில் ஒரு தக்காளி ரசம்!

நமக்குப் பனி என்றால், மார்கழி விடியற்காலையில் கோலம் போடும்போது தலையை நனைக்கிற பனிதான். அதற்கே மஃப்ளரையும் சுக்குக் காப்பியையும் தேடுகிறவர்கள் நாம். பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டினாற்போல் இரவும் பகலும் விழுந்து, வாசற்கதவைக்கூடத் திறக்க விடாத பனியை நான் பார்த்தது ஸ்ரீநகரில்தான்.

2020 அக்டோபரில் என் கணவருக்கு அங்கே மாற்றலாயிற்று. ஊரில் தனியாக இருக்க முடியாத என் மாமியாரும் எங்களுடன் வந்துவிட்டார். நாங்கள் மாடியில்; வீட்டுக்காரம்மா கீழே. குடிபோன அன்று அந்த அம்மாள் சுரைக்காயை வளையம் வளையமாக நறுக்கி, மாலையாகக் கோத்து வெயிலில் தொங்கவிட்டுக் கொண்டிருந்தார். பக்கத்தில் கத்தரிக்காய், தக்காளித் துண்டுகள். நம் வீட்டு மொட்டை மாடியில் வற்றல் காய்கிற மாதிரியே இருந்தது.

"நீயும் கொஞ்சம் காயப்போட்டு வெச்சுக்கோம்மா, குளிர் காலத்துக்கு ஆகும்" என்றார் ஹிந்தியில். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "தெருமுனையில கடை இருக்கே, அப்பப்போ வாங்கிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அந்தச் சிரிப்பு ஜனவரியில் அடங்கிற்று.

காஷ்மீரில் குளிர்காலத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் 'சில்லை கலான்', அதாவது பெரிய குளிர். அதற்கப்புறம் 20 நாட்கள் 'சில்லை குர்த்', சின்னக் குளிர். கடைசி 10 நாட்கள் 'சில்லை பச்சா', குழந்தைக் குளிர்! பெயர்தான் குழந்தை, அதுவும் லேசுப்பட்டதல்ல.

2021 ஜனவரி முதல் வாரத்தில் கொட்டிய பனியில் ஜம்முவிலிருந்து வரும் நெடுஞ்சாலை மூடிவிட்டது. விமானமும் இல்லை. காய்கறியும் காஸும் பெரும்பாலும் அந்தச் சாலை வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் பக்கம் கரண்டும் போயிற்று. என் அடுக்களையில் அரிசி, பருப்பு இருந்தன. காய் என்று பார்த்தால் இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம். ஊரிலிருந்து கொண்டுபோன புளி டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது.

மாமியார் இரண்டு ரஜாய்க்குள் சுருண்டு படுத்துவிட்டார். ரொட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு வாய் ரசஞ்சாதம் இருந்தாப் போதும்மா, தெம்பு வந்துடும்" என்று மெல்லச் சொன்னார். புளியும் இல்லை, தக்காளியும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. எதை வைத்து ரசம் வைப்பேன்?

அன்றிரவு குளிர் தாங்கவில்லை. இரும்பு அடுப்பில் கரியைப் போட்டு மாமியார் அறையில் வைத்தேன். காற்று புகக்கூடாதென்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழந்துணியைத் திணித்தேன். நானும் அங்கேயே படுத்துக்கொண்டேன். காலையில் மாமியார், "தலையைப் பிளக்குது, குமட்டுது, எழுந்திருச்சா சுத்துது" என்றார். இரண்டு நாள் பட்டினிதான் காரணம் என்று நினைத்தேன். எனக்கும் தலை கனத்தது. தூக்கம் போதவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. அறைக்குள் கால் வைத்தவர், மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலைப் படாரென்று திறந்தார். "முதல்ல அவங்களை வெளியில கூட்டிட்டு வா!" என்று என்னை அதட்டினார். கரி அடுப்பைத் தாமே தூக்கி வெளியே வைத்தார். என் கணவர் பனியில் நடந்து போய் அடுத்த தெரு டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, ஜன்னலைத் திறந்தீர்கள்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் அது தடுத்துவிடுகிறது. தூக்கத்திலேயே உயிர் போகலாம். கரி, விறகு அடுப்பை மூடிய படுக்கையறையில் வைக்கவே கூடாது. காஷ்மீரிகள் அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டிக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. புகைபோக்கி வைத்த அடுப்பானாலும் குழாயில் அடைப்பு இருக்கக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், உடனே வெளிக்காற்றுக்குப் போய், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியாருக்கு மெல்லத் தெளிந்த பிறகு, மூட்டையைப் பிரித்தேன். உலர்ந்த சுரைக்காய் வளையங்கள், கத்தரிக்காய், அடியில் ஒரு பொட்டலம் நிறையத் தக்காளி வற்றல்! சுரைக்காய் வற்றலுக்கு அங்கே 'அல் ஹச்சி' என்றும், தக்காளி வற்றலுக்கு 'ருவாங்கன் ஹச்சி' என்றும் பெயர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று வைத்த ரசத்தின் பக்குவம் இதுதான். நாலு பேருக்குக் காணும். தக்காளி வற்றல் 12 துண்டுகளை இரண்டு முறை கழுவி, வெந்நீரில் 20 நிமிஷம் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரை வடிகட்டி வைத்துக்கொண்டு, வற்றலைக் கையால் மசியுங்கள். கால் டம்ளர் துவரம்பருப்பைக் குழைய வேக விடுங்கள். மிளகு, சீரகம் ஒவ்வொரு டீஸ்பூன், பூண்டு 4 பல் இவற்றைத் தட்டிக்கொள்ளுங்கள். மசித்த வற்றல், ஊறிய தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு, தட்டிய சாமான் எல்லாவற்றையும் 3 டம்ளர் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போனதும் பருப்பைக் கரைத்து விட்டு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போட்டு, நுரை கட்டியதும் இறக்குங்கள். நெய்யில் கடுகு, பெருங்காயம் தாளியுங்கள். புளியே வேண்டாம்; வற்றலின் புளிப்பு போதும். சுக்குப்பொடியும் அந்த அம்மாள் கொடுத்ததுதான். சுக்கும் சோம்பும் இல்லாத காஷ்மீர் சமையல் அபூர்வம்.

குழைந்த சாதத்தில் ரசத்தை விட்டுப் பிசைந்து கொடுத்தேன். மாமியார் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "நம்ம ஊர் வாசனையா இருக்கே, தக்காளி ஏது?" என்று கேட்டார். வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு டம்ளர் ரசம் கொடுத்தோம். பதிலுக்கு மாலையில் ரோஜா நிறத்தில் நூன் சாய் வந்தது. "டீயில உப்பா!" என்று மாமியார் முகம் சுளித்தார், ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

ஸ்ரீநகர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரமாகும், குக்கர்தான் கைகொடுக்கும். இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி வைத்தாலும் புளிக்க இரண்டு நாளாகும்.

ஜனவரி 14 பொங்கலன்று விடியற்காலைக் குளிர் மைனஸ் 8.4 டிகிரி, 30 வருஷத்தில் இல்லாத குளிர் என்றார்கள். அன்று குக்கரில்தான் பொங்கல். வீட்டுக்காரம்மா கொடுத்த அக்ரூட் பருப்பை முந்திரிக்குப் பதில் வறுத்துப் போட்டேன்.

பனி நாளுக்கு என்ன சமைப்பது என்று பனி கொட்டும்போது யோசித்தால் காலம் கடந்துவிடுகிறது. அந்தச் சமையல் வெயில் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நமக்குப் பனி இல்லாவிட்டாலும் அடைமழை உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனை வீடுகள் நாட்கணக்கில் துண்டித்துக் கிடந்தன!

இப்போது ஊருக்கு வந்தபிறகு, சித்திரை வெயிலில் தக்காளியை மெலிதாக நறுக்கி, உப்புத் தூவி, மெல்லிய துணி போர்த்திக் காயவைக்கிறேன். ஈரம் துளியும் இல்லாமல் கலகலவென்று ஆனதும் டப்பாவில் அடைக்கிறேன். மாதம் ஒரு முறை பார்த்து, பூஞ்சை தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுகிறேன். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மாமியார், "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் அனுப்பக் கூடாதா?" என்பார். அவர்களிடம் இல்லாத வற்றலா! ஆனாலும் இந்த வருஷம் புளியும் சேர்த்து ஒரு பார்சல் கட்டியிருக்கிறேன்.