கடலோர ஊர்களில் பழைய வீடுகளின் அஸ்திவாரத்தைப் பழுதுபார்க்கும் முறை

வடக்கே தரங்கம்பாடி முதல் தெற்கே வேதாரணியம் வரையுள்ள கடலோர ஊர்களில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய ஓட்டு வீடுகள் இன்னும் அநேகம் உள்ளன. திண்ணையும் தாழ்வாரமும் நடுவே முற்றமும் அமைந்த இவ்வீடுகளில், கூரையும் மேற்சுவரும் நல்ல நிலையில் இருக்க, சுவரின் அடிப்பாகம் மட்டும் பொரிந்து உதிர்வதை யாவரும் கண்டிருக்கலாம். இதைக் கண்டு வீட்டுக்காரர் சிலர் சிமெண்டு பூசி மறைத்து விடுகின்றனர். வேறு சிலர், வீடு இனி உதவாதென்று கருதி இடித்து விடுகின்றனர். முதல் வழி கேட்டை அதிகப்படுத்துவது. இரண்டாவது வழி பெரும்பாலும் அவசியமில்லாதது. பழைய வீட்டின் அஸ்திவாரத்தைக் கெடுப்பது அநேகமாக நீரே. அந்நீர் எங்கிருந்து வருகிறதென்று கண்டு விலக்கிய பின்னரே கொத்தனார் கரணையை எடுத்தல் வேண்டும். இவ்வரிசை தவறினால் செலவு வீணாவதுடன், மழைக்காலத்தில் சுவர் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும்.

உப்பு சுவரைத் தின்னும் விதம்

செங்கல்லிலும் காரையிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தரையிலுள்ள ஈரம் இத்துளைகளின் வழியாக மேலேறுகிறது. ஈரம் காற்றில் உலர்ந்து போகிறது; அதில் கரைந்திருந்த உப்போ சுவரிலேயே தங்கிவிடுகிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. கடலோரத்து நிலத்தடி நீரிலும் பல இடங்களில் உவர்ப்பு மிகுதி.

காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்குக்கு மேற்பட்டால் கறியுப்பு தானே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் குறைந்தால் மீண்டும் படிகமாகும். கடலோரத்தில் இரவில் கரைவதும் பகலில் உறைவதும் மாறி மாறி நடைபெறுகின்றன. படிகமாகும் போதெல்லாம் உப்பு துளையின் சுவர்களை நெருக்கி உடைக்கிறது. செங்கல் பொடியாக உதிர்வதற்கு இதுவே காரணம்.

இந்நிலையில் சிமெண்டு பூசினால் என்ன நேரும்? சிமெண்டுப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஆகையால், இரண்டடி உயரத்தில் உலர்ந்து போய்க்கொண்டிருந்த ஈரம் வழியின்றி நான்கடி உயரத்திற்கு ஏறுகிறது. பூச்சுக்குப் பின்னால் செங்கல் மறைவாகவே கெடுகிறது. சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது, அதனுடன் செங்கல்லின் முகமும் பெயர்ந்து வருகிறது.

மண் இறங்குவதன் காரணங்கள்

அஸ்திவாரத்தின் அடியிலுள்ள மண் மணலாயின், அது நகராமல் அடைபட்டிருக்கும் வரை பாரத்தை நன்றாகத் தாங்கும். ஓடும் நீர் அதை அரித்துச் சென்றால் அடியில் பொந்து விழும். இதற்கு முதற்காரணமாக நாம் ஐயுற வேண்டியது முற்றத்து ஜலதாரையாகும். முற்றத்து நீர் திண்ணையின் அடியாக, சுவருக்குக் கீழே சென்று தெருவில் விழுமாறு முன்னோர் அமைத்தனர். அத்தூம்பு வெடித்தால், ஒவ்வொரு மழையிலும் சுவருக்கடியிலுள்ள மணல் சிறிது சிறிதாக வெளியேறும். கூரை நீர் சுவரோரத்தில் விழுதல், துவைகல் நீர் தேங்குதல், பெருச்சாளி வளை, சுவரில் வேரோடிய அரசு, ஆல் ஆகியவையும் காரணங்களாம்.

சற்று உள்ளே தள்ளிய களிமண் நிலங்களில் வேறு விதமான தொல்லை உண்டு. களிமண் மழையில் பருத்துக் கோடையில் சுருங்குவதால், சுவர் ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கடலோர வீடுகள் பலவற்றின் மூலைகளில் மண்ணை அரித்துச் சென்றதோடு, சுவர்களை உப்பு நீரில் ஊறவும் வைத்தது. இத்தகைய வெள்ளத்தில் ஊறிய சுவர்களில் உப்பு நெடுங்காலம் தங்கும்.

வெடிப்பைக் கொண்டு நோயறிதல்

சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்வாகச் செல்லும் வெடிப்பு, மண் இறங்கியதற்கு அடையாளம். வெடிப்பு மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், சுவரின் ஓரங்கள் இறங்கின என்று கொள்ளலாம். கீழே அகன்றிருந்தால் நடுப்பாகம் இறங்கியது எனலாம். பூச்சில் மட்டும் காணும் மயிரிழைக் கீறலுக்காக அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டுவதில்லை.

வெடிப்பு பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதை அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே இரு முனைகளிலும் காரை வைத்து ஒட்டி, அருகில் தேதி எழுதுக. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் கண்ணாடி உடையாதிருந்தால், சுவர் அசைவற்று நின்றுவிட்டது. வெடிப்பைக் காரையால் அடைத்தால் போதும். கண்ணாடி உடைந்தால் அடியில் வேலை செய்தாக வேண்டும். சுவர் தூக்குக்குண்டுக்கு ஒவ்வாமல் வெளியே சாய்ந்திருந்தாலோ, வெடிப்பு நாளுக்கு நாள் விரிந்தாலோ பரீட்சைக்குக் காத்திராமல், அவ்வறையைக் காலி செய்து, முட்டுக் கொடுத்து, பொறியாளரை அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

முதல் வேலை: நீரை விலக்குதல்

ஜலதாரையைத் திறந்து பார்த்து, உடைந்திருந்தால் புதுக்குழாய் பதித்தல் வேண்டும். கூரையிலிருந்து விழும் நீரைத் தாங்கி அப்பால் கொண்டு செல்லத் தகரக் கால்வாய் அமைக்கலாம். சுவரையொட்டிய தரை, வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருத்தல் அவசியம். தெருவைப் புதுப்பிக்கும் போதெல்லாம் அதன் மட்டம் உயர்ந்து, வீடு தாழ்ந்து போயிருந்தால், சுவரோரத்தில் குவிந்த மண்ணை அகற்றி நீர் வடியச் சிறு கால் ஒன்று எடுத்தல் நலம். இவையெல்லாம் சொற்பச் செலவில் முடிபவை. பல வீடுகளுக்கு இதற்கு மேல் பெரிய வேலை தேவைப்படாமலும் போகலாம்.

அஸ்திவாரத்தின் அடியில் கட்டும் முறை

அடிமண் அரிக்கப்பட்டதென்று தெளிந்த பின், பழைய அஸ்திவாரத்தின் கீழ்ப் புதிதாகக் கட்ட வேண்டும். சுவர் நெடுகிலும் ஒரே சமயத்தில் வானம் தோண்டுதல் எக்காரணம் கொண்டும் கூடாது. அவ்வாறு செய்தால் சுவர் நிற்பதற்கு ஆதாரமே இராது.

சுவரை மும்மூன்றடித் துண்டுகளாகப் பிரித்து எண்ணிடுக. உதாரணமாக, 21 அடி நீளச் சுவரில் ஏழு துண்டுகள் வரும். அவற்றிற்கு 3, 1, 2, 3, 1, 2, 3 என்று வரிசையாக எண் கொடுக்கலாம். முதலில் 1 என்று குறித்த துண்டுகளை மட்டும் தோண்டிக் கட்டி முடித்தல் வேண்டும். அவை இறுகிய பின் 2 என்பவற்றையும், கடைசியாக 3 என்பவற்றையும் எடுத்துக்கொள்க. இதனால் எப்போதும் சுவரின் பெரும்பகுதி உறுதியான ஆதாரத்தில் நிற்கும். பலவீனமான மூலைகள் இறுதியில்தான் திறக்கப்படும்.

ஒவ்வொரு துண்டிலும் கலையாத கெட்டி மண் கிடைக்கும் வரை தோண்டி, அடியைத் திமிசு கொண்டு இடித்து, பழைய அஸ்திவாரத்தைக் காட்டிலும் அகலமாகக் கட்டி வருக. பக்கத்துத் துண்டுடன் பிணைவதற்காகச் செங்கல் முனைகளை வரிசை விட்டு வரிசை நீட்டி வைத்தல் வேண்டும். புதுக்கட்டடத்திற்கும் பழையதற்கும் இடையே கடைசியில் நிற்கும் ஓரிரண்டு அங்குல இடைவெளியே மிக முக்கியமானது. அதைத் தளர்ந்த கலவையால் நிரப்பினால், உலர்ந்து சுருங்கிச் சுவர் மீண்டும் இறங்கும். கருங்கல் சில்லுகளை ஆப்புப் போல் அடித்து, ஈரம் குறைந்த கெட்டிக் கலவையைத் திணித்து இடித்தல் வேண்டும். சுண்ணாம்பு வேலை மெதுவாக இறுகுவதாகையால், ஒரு தொகுதி முடிந்து குறைந்தது பதினைந்து நாள் சென்ற பின்னரே அடுத்ததைத் தொடங்குக.

மணற்பாங்கான இடத்தில் பள்ளத்தின் பக்கங்கள் திடீரென்று சரியும். பலகை வைத்து முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்குவது குற்றமாகும். பள்ளத்தில் நீர் ஊறினால் இறைத்துக் கொண்டே வேலை செய்யலாமென்று எண்ணற்க. நீருடன் மணலும் வெளியேறிச் சுவரைச் சாய்த்து விடும். நிலத்தடி நீர் தாழும் காலத்தைப் பார்த்திருப்பதே தக்கது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நிலம் வடிந்த பின், பங்குனி முதல் வைகாசி வரை இவ்வேலைக்கு உகந்த காலம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பதால், வாய்க்கால் பாயும் ஊர்களில் அதற்கு முன் முடித்துக்கொள்வது நலம்.

காரையின் பக்குவம்

வெறும் சுண்ணாம்பு காற்றுப்பட்டே இறுகும். ஈரமான மண்ணுக்குள் இறுகாது. செங்கற்பொடியாகிய சுர்க்கி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு, ஆற்று மணல் ஒன்று முதல் இரண்டு பங்கு எனக் கலந்து நன்றாக அரைத்தல் வேண்டும். அதிகம் வெந்து கறுத்த செங்கல் சுர்க்கிக்கு உதவாது. கடல் மணலையும் உவர்க்கிணற்று நீரையும் அறவே விலக்குக. அவற்றைச் சேர்ப்பது நோயை நாமே விதைப்பதாகும். செங்கல்லை நல்ல நீரில் ஊறவைத்துக் கட்டி, வேலையை ஈரச்சாக்கால் மூடிவைத்தல் வேண்டும். இரும்புக் கம்பியைச் சேர்ப்பதும் உசிதமன்று. உப்புக் காற்றில் துருவேறிப் பருத்து, தான் தாங்க வேண்டிய கட்டடத்தையே அது பிளக்கும்.

சுவரின் அடிப்பாகம்

பழைய சிமெண்டுப் பூச்சை மெதுவாகக் கொத்தியெடுத்து, பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டிப் பெருக்கி வெளியே எறிக. நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் செல்லும். உப்பு மிகுந்த இடத்தில், நல்ல நீரில் குழைத்த களிமண்ணையும் காகிதக் கூழையும் கனமாக அப்பி, முற்றும் உலர்ந்தபின் உரித்தெடுத்தால் உப்பின் ஒரு பகுதி அதனுடன் வந்துவிடும். இதை இரண்டு மூன்று முறை செய்யலாம். அரித்துப்போன செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றிய பின், சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடித்தல் வேண்டும்.

ஓர் அங்குலக் கனமுள்ள சுவர் உலர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும் என்பது கட்டடத்தார் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் உலர ஓராண்டுக்கு மேலாகலாம். ஆகவே புதுப்பூச்சில் முதல் ஆண்டு உப்பு பூத்தால் வேலை கெட்டதென்று மனம் தளர வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு தான் தேய்ந்து செங்கல்லைக் காப்பது. சில ஆண்டுகளுக்கொருமுறை அடிப்பாகத்தில் அதைப் புதுப்பிப்பது, ஓடு மாற்றுவதைப் போன்ற சாதாரண வேலையே. தரங்கம்பாடியில் ஆழிப்பேரலைக்குப் பின் பழைய வீடுகள் சில சுண்ணாம்புக் காரையைக் கொண்டே செப்பனிடப்பட்டிருப்பதை அவ்வூருக்குச் செல்வோர் நேரில் காணலாம்.

செலவு செய்ய இயலாதவர் இவ்வாண்டு ஜலதாரையையும் சுவரோரத்துச் சரிவையும் மட்டுமேனும் சீர்செய்து, வெடிப்புகளில் கண்ணாடி ஒட்டி வைப்பாராக. எஞ்சிய வேலை எவ்வளவு என்பதை அடுத்த மழைக்காலம் அறிவித்து விடும்.