சக்கர விலக்கம் (தானுந்து)

சக்கர விலக்கம் அல்லது ஆஃப்செட் என்பது, தானுந்துச் சக்கரம் ஒன்றின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அச்சக்கரம் ஹப் எனப்படும் சக்கரக் குடத்தின் மீது படியும் பொருத்துமுகத்துக்கும் இடையேயுள்ள தொலைவு ஆகும். இது மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. சக்கரத்தின் விட்டமும் அகலமும் ஏற்றவையாக இருந்தாலும், விலக்கம் பொருந்தாவிட்டால் டயர் வெளிப்புறத்தில் மட்கார்டிலோ, உட்புறத்தில் சஸ்பென்ஷன் எனப்படும் தொங்கல் அமைப்பிலோ உரசும். எனவே தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சக்கரங்களுக்குப் பதிலாக வேறு அளவுள்ள சக்கரங்களைப் பொருத்தும்போது இது முதன்மையான அளவாகக் கருதப்படுகிறது.

உயரம் குறைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவின் முக்கியத்துவம் மேலும் கூடுகிறது. கார் நிற்கும்போது சரியாகத் தோன்றும் சக்கரம், மேடு பள்ளத்தில் தொங்கல் அமைப்பு முழுவதும் அமுங்கும்போதோ, திசைதிருப்பி முழுவதும் திருப்பப்படும்போதோ உரசக்கூடும். வேகமாகச் செல்லும் காரில் மட்கார்டின் கூரிய உள்விளிம்பு டயரின் பக்கச்சுவரை வெட்டுமானால் காற்று உடனே இறங்கி விபத்து நேரலாம். எனவே சக்கரத் தெரிவு என்பது தோற்றம் பற்றியது மட்டுமன்று. அது ஒரு பாதுகாப்புக் கணக்கும் ஆகும்.

சக்கர அளவுகளைக் குறிக்கும் முறை

ஒரு சக்கரத்தின் அளவு பொதுவாக "15×7 ஜே, +25, 4×100, 54.1" என்பதைப் போல் எழுதப்படும். இதன் பொருள் பின்வருமாறு:

- 15: டயர் அமரும் இருக்கையின் விட்டம், அங்குலத்தில்.
- 7: இரு பக்க விளிம்புகளின் உட்புறங்களுக்கு இடையேயான அகலம், அங்குலத்தில். வெளிப்புறமாக அளந்தால் சக்கரம் இதைவிடச் சுமார் 1 அங்குலம் அகலமாக இருக்கும்.
- ஜே: விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து.
- +25: விலக்கம், மில்லிமீட்டரில். ஜெர்மன் மொழிச் சொல்லொன்றின் சுருக்கமான "ஈ.டி." என்ற எழுத்துகளுடனும் இது சக்கரத்தில் பொறிக்கப்படுவதுண்டு.
- 4×100: நான்கு திருகுகள், அவற்றின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.
- 54.1: சக்கரத்தின் நடுத்துளை விட்டம், மில்லிமீட்டரில்.

பொருத்துமுகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கமாக, அதாவது தெருவை நோக்கிய பக்கத்தில் இருந்தால் விலக்கம் நேர் எண் ஆகும். இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் விலக்கம் சுழியம். பொருத்துமுகம் உட்பக்கமாக இருந்தால் எதிர் எண். நேர் விலக்கம் கூடக்கூடச் சக்கரம் காரின் உள்ளே செல்லும். குறையக் குறைய வெளியே வரும்.

இடக் கணக்கு

பொருத்துமுகத்திலிருந்து சக்கரம் இருபுறமும் எவ்வளவு நீள்கிறது என்பதைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

- வெளிப்புற நீட்சி = (அகலம் ÷ 2) − விலக்கம்
- உட்புற நீட்சி = (அகலம் ÷ 2) + விலக்கம்

அகலத்தை முதலில் 25.4 ஆல் பெருக்கி மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

1989 ஆம் ஆண்டு சிகாகோ தானுந்துக் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு இருக்கைகள் கொண்ட இத்திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. இதன் முதல் தலைமுறை, சக்கரங்களை மாற்றியும் உயரத்தைக் குறைத்தும் பயன்படுத்துவோரிடையே புகழ்பெற்றது. இதன் தொடக்கக்காலச் சக்கரங்கள் 14×5.5, +45 என்ற அளவிலும், டயர்கள் 185/60 ஆர்14 என்ற அளவிலும் இருந்தன. இதற்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய மூன்று அளவுகளின் கணக்கு வருமாறு:

- 14×5.5, +45 (தொழிற்சாலை அளவு): வெளிப்புறம் 24.9 மி.மீ., உட்புறம் 114.9 மி.மீ.
- 15×7, +35: வெளிப்புறம் 53.9 மி.மீ., உட்புறம் 123.9 மி.மீ.
- 15×7, +25: வெளிப்புறம் 63.9 மி.மீ., உட்புறம் 113.9 மி.மீ.
- 15×8, +25: வெளிப்புறம் 76.6 மி.மீ., உட்புறம் 126.6 மி.மீ.

15×7, +25 சக்கரம் உட்புறத்தில் பழைய சக்கரத்தின் இடத்திலேயே நிற்கிறது. கூடுதல் அகலம் முழுவதும் வெளிப்பக்கம் செல்கிறது. அதே அகலத்தில் +35 விலக்கமுள்ள சக்கரம் வெளியே 10 மி.மீ. குறைவாக நீண்டு, உள்ளே அதே அளவு கூடுதலாக நீள்கிறது. இவ்வாறு விலக்கம் மொத்த இடத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. அது இருபுறங்களுக்கும் இடையே இடத்தைப் பங்கிடுகிறது.

டயரின் பங்கு

மேற்கண்ட கணக்கு சக்கரத்துக்கு மட்டுமே உரியது. உண்மையில் உரசுவது பெரும்பாலும் டயர் ஆகும். டயரின் பக்கச்சுவர் சக்கர விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி நிற்கும். 185/60 ஆர்14 டயர் 5.5 அங்குலச் சக்கரத்தில் சுமார் 189 மி.மீ. அகலம் கொண்டிருக்கும். 195/50 ஆர்15 டயர் 6 அங்குலச் சக்கரத்தில் சுமார் 201 மி.மீ. அகலம் கொண்டிருக்கும். சக்கர அகலம் ஒவ்வொரு அரை அங்குலம் கூடும்போதும் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும் என்பதால், 7 அங்குலச் சக்கரத்தில் இது சுமார் 211 மி.மீ. ஆகும்.

இதன்படி 15×7, +25 சக்கரத்தில் பொருத்தப்பட்ட டயரின் வெளிப்புறப் பிதுக்கம், பழைய டயரைவிடச் சுமார் 31 மி.மீ. வெளியே நிற்கும், உட்புறப் பிதுக்கம் சுமார் 9 மி.மீ. விலகியிருக்கும். சக்கரத்தை மட்டும் கணக்கிட்டபோது கிடைத்த விடைகள் முறையே 39 மி.மீ., 1 மி.மீ. என்பது குறிப்பிடத்தக்கது.

டயரின் முழு விட்டமும் கணக்கிடப்பட வேண்டும். இதற்குச் சக்கர விட்டத்துடன் பக்கச்சுவர் உயரத்தின் இருமடங்கைக் கூட்ட வேண்டும். பக்கச்சுவர் உயரம், டயர் அகலத்தின் விழுக்காடாகக் குறிக்கப்படுகிறது.

- 185/60 ஆர்14: 577.6 மி.மீ.
- 195/50 ஆர்15: 576 மி.மீ.
- 205/50 ஆர்15: 586 மி.மீ.
- 205/40 ஆர்17: 595.8 மி.மீ.

195/50 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழப் பழைய அளவே ஆதலால் வேகமானியின் கணக்கு மாறாது. 205/40 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 3 விழுக்காடு பெரியது. எனவே வேகமானி அதே எண்ணைக் காட்டும்போது கார் முன்பைவிட 3 விழுக்காடு விரைவாகச் செல்லும். மேலும் இதன் பக்கச்சுவர் உயரம் 111 மி.மீ. இலிருந்து 82 மி.மீ. ஆகக் குறைவதால், குழியில் இறங்கும்போது சக்கர விளிம்பு வளையும் வாய்ப்பு கூடும்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்கப்பட்ட சக்கர அகல வரம்பு உண்டு. 195/50 ஆர்15 டயருக்கு இது 5.5 முதல் 7 அங்குலம் வரை. 205/50 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரை. வரம்பை மீறிய அகலச் சக்கரத்தில் டயரை இழுத்துப் பொருத்தும் வழக்கம் தோற்றத்துக்காகப் பின்பற்றப்படுகிறது. இவ்வாறு செய்யும்போது காற்றழுத்தம் குறைந்த நிலையிலோ கடும் வளைவிலோ டயர் தன் இருக்கையிலிருந்து நழுவும் ஆபத்து கூடுகிறது. புதிய டயரின் சுமைக் குறியெண் பழையதைவிடக் குறைவாகவும் இருக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, 82 என்ற குறியெண் ஒரு டயர் 475 கிலோகிராம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கும்.

உயரம் குறைப்பதன் விளைவுகள்

காரின் உயரத்தைக் குறைக்கக் குட்டையான சுருள்விற்களோ, உயரத்தை மாற்றி அமைக்கக்கூடிய அதிர்வு தாங்கிகளோ பயன்படுத்தப்படுகின்றன. சக்கரம் மேலே செல்லக்கூடிய இறுதி எல்லையை முடிவு செய்வது முட்டுத்தடை எனப்படும் மீள்திறன் கொண்ட கட்டை ஆகும். முட்டுத்தடை மாற்றப்படாமல் சுருள்வில் மட்டும் குட்டையானால், அந்த இறுதி எல்லை மாறுவதில்லை. ஆனால் எல்லையை அடைய மீதமுள்ள தொலைவு குறைகிறது. 30 மி.மீ. தாழ்த்தினால், மேல்நோக்கிய அசைவில் 30 மி.மீ. முன்னரே செலவாகிவிடுகிறது. ஆகவே முன்பு பெரும் குழியில் மட்டும் நேர்ந்த முழு அமுக்கம் இப்போது சிறு மேட்டிலும் நேரலாம். கூடுதல் அசைவு வேண்டி முட்டுத்தடையை வெட்டினால் எல்லையே மேலே நகர்கிறது. தொழிற்சாலையில் வடிவமைத்தோர் எண்ணியிராத இடத்துக்கு டயர் செல்லும்.

முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 காரின் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் வகைத் தொங்கல் அமைப்பு உள்ளது. இதில் சக்கரம் மேலே செல்லச்செல்ல அதன் உச்சி உட்புறமாகச் சாய்கிறது. இச்சாய்வு கேம்பர் எனப்படுகிறது. 288 மி.மீ. ஆரமுள்ள டயர் கூடுதலாக 1 பாகை சாய்ந்தால், அதன் உச்சி சக்கர மையத்தை ஒப்பிட 5 மி.மீ. உள்ளே செல்லும். இது மட்கார்டு உரசலைத் தவிர்க்க உதவும். எனினும் மிகுதியான சாய்வு டயரின் உட்பகுதியை விரைவில் தேய்த்துவிடும்; நேராகச் செல்லும்போது பிரேக்கின் பிடிப்பையும் குறைக்கும். உயரம் குறைத்த பின் சக்கரங்களின் கோணங்களை மீண்டும் சீரமைப்பது இன்றியமையாதது.

ஓட்டத்தில் ஏற்படும் மாற்றங்கள்

விலக்கம் +45 இலிருந்து +25 ஆகக் குறைந்தால், சக்கர அகலம் எதுவாயினும், டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுப்புள்ளி 20 மி.மீ. வெளியே நகர்கிறது. இரு சக்கரங்களையும் சேர்த்து இடைத்தொலைவு 40 மி.மீ. கூடுகிறது. இதனால் வளைவுகளில் எடை ஒருபுறமாகச் சாய்வது சற்றுக் குறையும். ஆனால் பின்வரும் மாற்றங்களும் உடன் நிகழும்:

- திசைதிருப்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் டயரின் நடுப்புள்ளிக்கும் உள்ள தொலைவு மாறும். இதனால் சாலையின் அதிர்ச்சிகள் திசைதிருப்பியில் மிகுதியாக உணரப்படலாம். ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் உலர்ந்தும் உள்ள சாலையில் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபுறம் இழுக்கலாம்.
- சக்கரத் தாங்கி மீது சுமை செயற்படும் நெம்புகோல் தொலைவு மாறும். இதனால் தாங்கி விரைவில் தேயக்கூடும்.
- சக்கரம் வெளியே நகர்வதால், சுருள்வில் முன்பைவிட மென்மையானது போல் செயற்படும். இதனால் முழு அமுக்கம் நேரும் வாய்ப்பு மேலும் கூடும்.

பொருத்துதல்

நடுத்துளை சக்கரக் குடத்தைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் பயன்படுத்தப்படுகிறது. இது சக்கரத்தைச் சரியான மையத்தில் நிறுத்தி அதிர்வைத் தவிர்க்கிறது. திருகுமரைகளின் இருக்கை வடிவமும் ஒத்திருக்க வேண்டும். கூம்பு வடிவ இருக்கைக்கு உருண்டை வடிவத் திருகுமரையைப் பயன்படுத்தினால் தொடு பரப்பு மிகச் சிறியதாகி, திருகுமரை தளர்ந்துவிடும்.

விலக்கத்தைக் குறைக்க இடைத்தகடுகளும் பயன்படுத்தப்படுகின்றன. +30 விலக்கமுள்ள சக்கரத்துடன் 5 மி.மீ. தகடு சேர்த்தால் அது +25 போல் செயற்படும். ஆனால் திருகுமரை பிடிக்கும் நீளமும் 5 மி.மீ. குறையும். குறைந்தது திருகின் விட்டத்துக்குச் சமமான நீளம் பிடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைத் தொலைவும் கொண்ட திருகுக்கு இது 8 முழுச் சுற்றுகள் ஆகும்.

சோதித்தல்

கணக்கு ஒத்து வந்தாலும், வாங்குவதற்கு முன் ஒரு சக்கரத்தையேனும் பொருத்திச் சோதிப்பது நல்லது. காரை உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்தி, சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, முட்டுத்தடையைத் தொடும் வரை சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்த வேண்டும். அந்நிலையில் முன்சக்கரங்களை இருபுறமும் முழுவதும் திருப்பி, மட்கார்டின் உள்விளிம்பு, உட்புறப் பிளாஸ்டிக் உறை, தொங்கல் கைகள், பிரேக் காலிப்பர், பிரேக் குழாய் ஆகியவற்றுக்குள்ள இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். ஓடும்போது டயரும் ரப்பர் இணைப்புகளும் நெளியும் என்பதால், சில மில்லிமீட்டர் இடைவெளி கூடுதலாகவே இருத்தல் வேண்டும். கார் நிற்கும் நிலையில் மட்டும் அளந்து முடிவு செய்வது போதாது.

விதிமுறைகள்

ஜப்பானில் பயணிகள் கார்களுக்கான உலோகக்கலவைச் சக்கரங்கள் ஜே.டபிள்யூ.எல். என்ற தொழில்நுட்பத் தரத்தை நிறைவு செய்ய வேண்டும். அக்குறி சக்கரத்திலேயே இடப்படுகிறது. அந்நாட்டில் சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே நீண்டிருக்கக் கூடாது. எனினும் 2017 ஜூன் மாதத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பயணிகள் கார்களில் டயரின் பக்கச்சுவர் மட்டும் 10 மி.மீ. இக்குக் குறைவாகப் பிதுங்கினால் அது நீட்சியாகக் கொள்ளப்படுவதில்லை. ஜெர்மனியில், ஒப்புதல் சான்று இல்லாத சக்கரங்களைப் பொருத்தினால் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாததாகலாம். இத்தகைய விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், சக்கரம் வாங்கும் முன் வாகனம் பதிவு செய்யப்பட்டுள்ள இடத்தின் விதிகளை அறிந்துகொள்ள வேண்டும்.