பணி ஓய்வும் நடுவயதினரின் திட்டமிடலும்

மலேசியத் தனியார் துறை ஊழியரின் முதுமைக்குத் தலையாய ஆதாரம் 1951இல் தோற்றுவிக்கப்பட்ட ஊழியர் சேமநிதியாகும். 2013 ஜூலை முதல் குறைந்தபட்சப் பணி ஓய்வு வயது 60 ஆயினும், சேமிப்பு முழுவதையும் 55 வயதிலேயே மீட்டுக்கொள்ள இயலும். சிக்கல் இவ்வைந்தாண்டு இடைவெளியில்தான் தோன்றுகிறது. பிள்ளைகளின் உயர்கல்விக்கும் திருமணத்திற்கும் அத்தொகை கரைந்துவிடின், ஊதியம் நின்றபின் மாத வருவாய்க்கு வழியேது? ஆதலின் நாற்பது வயதிலேயே மூன்றனை வரையறுத்தல் வேண்டும்: ஓய்வுக்குப் பிந்தைய மாதச் செலவு, அதற்கெனத் தொடாது காக்கவேண்டிய தொகை, பொழுதைப் பயனுறச் செய்யும் ஈடுபாடு. முதலிரண்டையும் குடும்பத்தாருடன் கலந்துபேசி முடிவுசெய்தல் நலம். மூன்றாவது பணத்தால் வாராதது. கற்பித்தலோ ஆலயத் தொண்டோ தோட்டக்கலையோ, பணிக்காலத்திலேயே பழக்கமாகியிருந்தால்தான் ஓய்வுக்காலத்திலும் நிலைக்கும்.