86-வது மாடியில் ஒரு மூக்குத் தடம்

கிட்டே வாருங்கள், ஒரு ரகசியம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் 86-வது மாடிக்கு, சுற்றுப்பயணிகளுக்கு முன்பே ஏறிவிட்டேன்!

காலை எட்டு மணி. ஜாலான் அம்பாங்கில் வாகனங்கள் ஊர்கின்றன. நாம் பணியாளர் வழியில் நுழைகிறோம். வாளி, மடக்கிய ஏணி, ஈரத்துணி மூட்டை. மூலையில் நாசி லெமாக் பொட்டலம், சம்பால் வாசம் ஆளைத் தூக்குகிறது. பையைத் துழாவிய பாதுகாவலர் அண்ணன், "பாராசூட் எங்க தங்கச்சி?" என்கிறார். முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை.

முதலில் 41-வது மாடி, வான்பாலம். 58 மீட்டர் நீளம்; கீழே தரை 170 மீட்டர் தூரத்தில். காற்றில் கோபுரங்கள் அசைந்தால் பாலமும் கொஞ்சம் வழுக்கி நகருமாம். "இறுக்கிக் கட்டினா உடைஞ்சிடும். விட்டுப்பிடிக்கணும், குடும்பம் மாதிரி," என்கிறார் அண்ணன். இப்போது சிரிக்கிறார்.

83-ல் மின்தூக்கி மாறுகிறோம். காது அடைக்கிறது. கதவு திறந்ததும் வானத்தைத் தேடினால், கண்ணில் படுவது கண்ணாடி நிறைய நேற்றைய கைகள்!

"கீழ இருக்கிறது பிள்ளைங்க மூக்கு, மேல பெரியவங்க மூக்கு. இது உதட்டுச்சாயம்," என்று துப்புரவு அக்கா கணக்குச் சொல்லியபடியே துடைக்கிறார். குளிர்சாதனத்திலும் நெற்றியில் வேர்வை.

துடைத்த இடத்தில் ஊர் முளைக்கிறது. அதோ கேஎல் கோபுரம். அதற்கும் அப்பால் மெர்டேக்கா 118: இந்த 452 மீட்டர் அண்ணனின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட 678.9 மீட்டர் தம்பி. நம் காலடியில் முன்பு குதிரைப் பந்தயத் திடல். "எங்கப்பா காசு விட்ட இடம். நான் சம்பளம் வாங்குறேன்," அக்கா கண்ணடிக்கிறார்.

அவர் தினமும் முதலில் துடைப்பது கிழக்குப் பக்கக் கண்ணாடியை. அங்கேதான் அம்பாங். 1857-ல் ஈயம் தேடி 87 பேர் காட்டுக்குள் நடந்து போன திசை அது. கோலாலம்பூர் பிறந்த கதையும் அதில்தான் தொடங்குகிறது. அக்கா தேடுவது தன் வீட்டுக் கூரையை. "அடுக்குமாடி ஒண்ணு மறைச்சிடுச்சு. பின்னால மலை தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம்தான்."

வாக்கி டாக்கி கரகரக்கிறது: முதல் குழு ஏறிவிட்டது! வாளிகள் மாயமாகின்றன, அக்கா முந்தானை போலத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைக்கிறார். நான் கடைசியாக ஒருமுறை அம்பாங்கைப் பார்க்கச் சாய்கிறேன்.

பளிச்சென்ற கண்ணாடியில் என் மூக்கு!

அக்கா எதுவும் பேசவில்லை. துணியை என் கையில் கொடுத்தார்.