வெகுளி, ரோஷம், திமிர்: விடலைக் கோபம் பற்றிச் சில குறிப்புகள்

என் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். போன மாதம் ஒருநாள் ராத்திரி சோற்றுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தான். குழம்பில் உப்பில்லையாம். 'நீ நாலெழுத்துப் படிச்சவன், அவனுக்குப் புத்தி சொல்லுடா தம்பி' என்றாள் அக்கா. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ன புத்தி சொல்வான்? 'வெகுளாமை' அதிகாரத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிக்கல் அங்கேதான். அந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. பதினைந்து வயசுப் பையனுக்கும் துறவுக்கும் என்ன சம்பந்தம்? தவிரவும், சினம் செல்லுபடியாகிற இடம், ஆகாத இடம் என்று எடுத்த எடுப்பிலேயே வள்ளுவர் பிரித்துவிடுகிறார். செல்லுபடியாகிற இடத்தில் அடக்குவதைத்தான் அவர் அடக்கம் என்கிறார். அதாவது முதலில் அவர் பேசுவது கையில் அதிகாரம் இருப்பவனோடு. செல்லாத இடத்திலும் சினம் தீது என்று அடுத்த குறளில் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் வகுப்பில் எழுந்து நிற்கவைக்கப்பட்ட பையனின் சினம் அங்கேயே அவிந்துபோவதில்லை. செல்லுகிற இடத்தைத் தேடிக் கிளம்பிவிடுகிறது. வாத்தியாரிடம் செல்லாதது அம்மாவிடம் செல்லும். அப்பாவிடம் செல்லாதது தங்கச்சியிடம் செல்லும். தட்டு விழுந்த இடத்தில் காரணம் தேடினால் உப்புதான் கிடைக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அதே வயதில் நானும் டிபன் பாக்ஸை வீசியிருக்கிறேன். அது இதே அக்காவின் நெற்றியில் பட்டது. குழாயடியில் வழுக்கி விழுந்ததாக அப்பாவிடம் சொன்னாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

எல்லாம் வயசுக் கோளாறு, ஹார்மோன் என்பவர்கள் உண்டு. முழுக்கத் தள்ளிவிட முடியாது. உணர்ச்சியைக் கிளப்புகிற மூளைப் பகுதிகள் விடலைப் பருவத்தில் சட்டென்று பற்றிக்கொள்கின்றன. நிறுத்தி யோசிக்கவைக்கிற முன்நெற்றிப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். சரி. ஆனால் கோபம் ஏன் இத்தனை வேகமாக வருகிறது என்பதைத்தான் இது விளக்கும். தட்டு ஏன் அம்மா பக்கம் பறந்தது என்பதை விளக்காது.

இதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மேல். வெகுளி பிறக்கும் இடம் நான்கு என்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அங்கத்தைக் குறைப்பது, குடும்பத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்வது, வைவதும் அடிப்பதும், கடைசியாகக் கொலை. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பேராசிரியர் எழுதிய உரை முக்கியமானது. ஒருவனின் அறிவையும் புகழையும் கொன்று பேசுவதே கொலை என்கிறார். நான்கிலும் காரணம் வெளியே இருக்கிறது. வெகுளியை ஆளின் குணக்கேடாக அவர்கள் பார்க்கவில்லை. அவனுக்கு நேர்ந்த ஒன்றின் விளைவாகப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கண்மாய்க் கரையில் வைத்துப் பையன் வாயைத் திறந்தான். வகுப்பில் விடைத்தாள் கொடுக்கும்போது வாத்தியார் கேட்டிருக்கிறார்: 'ஒனக்கெல்லாம் எதுக்குடா சயின்ஸ் குரூப்பு? ஒங்க ஆளுகளுக்குத்தான் எல்லாம் சும்மா கெடைக்குதே.' வகுப்பே சிரித்திருக்கிறது. இவன் முறைத்தான். 'என்னடா திமிரா?' என்றாராம்.

பேராசிரியர் சொன்ன கொலை இதுதான். அந்தத் 'திமிர்' என்கிற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாத்தியாருக்கு வந்தால் அது கோபம். பெரிய வீட்டுப் பையனுக்கு வந்தால் ரோஷம். சேரிப் பையனுக்கு வந்தால் திமிர். பொண்ணுக்கு வந்தால் ஆங்காரம், அவள் அடங்காப்பிடாரி. (பெண்பிள்ளைகள் பலர் தட்டை வீசுவதில்லை, சாப்பிடாமல் கிடக்கிறார்கள். அதையும் யாரும் கோபம் என்று சொல்வதில்லை.) உடம்பில் நடப்பது ஒன்றுதான், படபடப்பும் நெஞ்சடைப்பும். அதற்குப் பெயர் வைக்கிற உரிமைதான் வேறொருவர் கையில் இருக்கிறது.

ரோஷம் என்று பெயர் பெற்ற கோபம் எதுவரை போகும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன் ஒருவனை, ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தங்கையும் வெட்டுப்பட்டாள். அவர்கள் கொடுத்த தொந்தரவு பற்றிப் பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்தது. அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். 'ரோஷக்காரப் பய' என்று திண்ணையில் உட்கார்ந்து மெச்சுகிற வாயை எந்தக் குழு கட்டும்?

அப்படியானால் பையன் என்னதான் செய்வது? தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள் என்பார்கள். தீராது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடித்தான் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. விழுங்குவதும் உதவாது, அது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வரும். நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான். நெஞ்சு அடைக்கும்போது அந்த இடத்தை விட்டு நகரு. நட, தண்ணி குடி, உடம்பு தணியட்டும். அப்புறம் யார், எப்போது, எந்தச் சொல்லைச் சொன்னார், யார் யார் கேட்டார்கள் என்று எழுது. 'எனக்குக் கோபம்' என்பதோடு நிறுத்தாதே, எதனால் என்பதையும் எழுது. கோபம் போக வேண்டிய முகவரி அதில் வந்துவிடும்.

நம் இயக்கங்களுக்கும் இதில் பங்குண்டு. விடலைகளின் கோபத்தைப் போஸ்டர் ஒட்டவும் கோஷம் போடவும் வாங்கிக்கொண்டோம். அந்தப் பையன்கள் வீட்டில் யாரை அடித்தார்கள் என்று நாம் கேட்டதில்லை.

அவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். நிறையப் பிழை. நான் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. கீழே கூடப் படிக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் கொடுக்கணும் என்கிறான். 'பரீட்ச முடியட்டும் தம்பி, மார்க்குல கைவச்சிருவாங்க' என்கிறாள் அக்கா. தாள் என் பையில் இருக்கிறது. அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க மட்டும் அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை. எனக்கும் வந்ததில்லை.