ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு ஆரம்பித்துவிடும். கணிதத்தில் எடுத்தது அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 92 என்றால் 96, 44, 46 சேர்ந்து 186. இதுதான் 200-க்கு எவ்வளவு என்று சொல்லும் பொறியியல் கட்-ஆஃப். இந்தக் கணக்கில் யாருக்கும் குழப்பம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவே போட்டுக் கொடுத்துவிடுவார்.

குழப்பம் அடுத்த கட்டத்தில்தான் வரும். விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் சரிபார்த்து, ரேங்க் வெளியான பிறகு, கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்தி ஆன்லைனில் பதிய வேண்டும். பிள்ளைகள் இதைச் சாய்ஸ் லிஸ்ட் என்கிறார்கள். பன்னிரண்டு வருடம் படித்த படிப்பு எங்கே போய்ச் சேரும் என்பதை அந்தப் பட்டியல் தீர்மானிக்கிறது. அதை எழுத மிகச் சில நாட்களே கிடைக்கும். அந்த நாட்களில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். நிறையப் பேர் சொல்வது இதுதான்: "கிடைக்கிற காலேஜை முதல்ல போடு. பெரிய காலேஜை மேல போட்டா இருக்கிறதும் போயிடும்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வைப் பொறுத்தவரை இது தவறு. ஏன் தவறு என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். பொறுமையாகக் கேட்டால் போதும், பெரிய கணக்கு எதுவும் இதில் இல்லை.

2018-க்கு முன்னால் கலந்தாய்வு நேரில் நடந்தது. தமிழ்நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் இரவு பஸ்ஸோ ரயிலோ பிடித்துச் சென்னைக்கு வந்து, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். ரேங்க் வரிசையில் உங்கள் முறை வந்ததும் உள்ளே போய், அந்த நிமிடம் காலியாக இருப்பதில் பிடித்ததைச் சொல்வீர்கள். அவ்வளவுதான், இடம் உங்களுடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் காலியாக இருக்கும் நல்ல கல்லூரியை விட்டுவிட்டு, பயந்துபோய் அதைவிடச் சுமாரான ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

2018-இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. விதி மாறவில்லை. நேரில் போவதற்குப் பதிலாக, உங்கள் சார்பில் ஒருவரை அந்த நாற்காலிக்கு அனுப்புகிறீர்கள். அவர் கையில் கொடுத்துவிடும் சீட்டுதான் சாய்ஸ் லிஸ்ட். "முதலில் இது இருக்கிறதா பார், இல்லாவிட்டால் இது, அதுவும் இல்லாவிட்டால் இது" என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் முறை வரும்போது அவர் மேலிருந்து கீழே படித்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதை வாங்கிவிடுவார். ஒவ்வொரு சாய்ஸுக்கும் பொதுப்பிரிவில் இடம் இருக்கிறதா, அதில் இல்லாவிட்டால் உங்கள் சமூகப் பிரிவு ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்.

இதை ஒரு மாணவியை வைத்துப் பார்க்கலாம். தென்காசிப் பக்கத்துப் பெண், கட்-ஆஃப் 186 என்று வைத்துக்கொள்வோம். மின்னியல் படிக்க ஆசை. அவள் மனதில் உள்ள வரிசை: ஒன்று, கிண்டி பொறியியல் கல்லூரி. இரண்டு, கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. மூன்று, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி. நான்கு, ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு சுயநிதிக் கல்லூரி. சித்தப்பா, "நாலாவதை முதல்ல போடும்மா, அதுதான் நிச்சயம்" என்கிறார்.

அவள் தன் ஆசைப்படியே எழுதுகிறாள். அவள் முறை வரும்போது கிண்டியில் இடம் இல்லை, கோவையிலும் இல்லை. திருநெல்வேலியில் ஓர் இடம் இருக்கிறது. அது அவளுக்குக் கிடைக்கிறது. சித்தப்பா சொன்னபடி எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் முதல் வரியிலேயே நின்று சுயநிதிக் கல்லூரியைக் கொடுத்திருக்கும். திருநெல்வேலி இடம் ரேங்கில் அவளுக்குப் பின்னால் இருக்கும் இன்னொருவருக்குப் போயிருக்கும்.

"சரி, முதல் மூன்றும் கிடைக்காமல் போனால்? அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாலாவதை யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?" பெற்றோரின் பயமெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. எடுத்துக்கொள்ள முடியாது. அவளுக்கு முன் ரேங்கில் இருப்பவர்கள் எதை எடுத்தார்கள் என்பது அவள் முறைக்கு முன்பே முடிந்துபோன விஷயம். அவள் பட்டியலை எப்படி மாற்றி எழுதினாலும் அது மாறாது. அவளுக்குப் பின்னால் இருப்பவர்களோ, அவள் பட்டியலின் கடைசி வரி வரை பார்த்து முடித்த பிறகுதான் உள்ளே வர முடியும். சுயநிதிக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டவர் ஆனாலும் அவளைத் தாண்டி வர முடியாது. ஆகவே, மேலே எழுதும் பெரிய ஆசை கீழே இருக்கும் இடத்தைக் கெடுக்காது. முதல் மூன்றும் இல்லையென்றால் நாலாவது, அவள் முறையில் காலியாக இருந்தால், அவளுக்குத்தான்.

இந்தப் பயம் எங்கிருந்தோ வந்த மூடநம்பிக்கை இல்லை. அது நியாயமாக இருந்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க, எல்லோருடைய முதல் விருப்பத்தையும் முதலில் பார்த்து இடங்களை நிரப்பிவிட்டு, மிச்சத்தை இரண்டாம் விருப்பக்காரர்களுக்குத் தரும் முறை இருந்தது. அங்கே ஆசைப்பட்ட பெரிய பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிறைந்துவிடும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசித் தந்திரமாக எழுதினார்கள். தெரியாதவர்கள் மனதில் இருந்ததை அப்படியே எழுதி ஏமாந்தார்கள். பொருளியல் அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2005-இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்த முறையின் வேர், டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-இல் கல்லூரிச் சேர்க்கை பற்றி எழுதிய சிறு கட்டுரை. ஷாப்லிக்கும், இந்தச் சிந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. உண்மையை எழுதியவர் அதனாலேயே நஷ்டப்படக் கூடாது என்பது இந்த ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப வரும் அக்கறை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக அழைக்கும் நம் கலந்தாய்வில் அந்தக் குணம் இயல்பாகவே இருக்கிறது.

அப்படியானால் போன வருடக் கட்-ஆஃப் பட்டியல் எதற்கு? அதற்கும் வேலை இருக்கிறது. பட்டியலின் வரிசையை ஆசை தீர்மானிக்கட்டும், நீளத்தைப் போன வருடக் கட்-ஆஃப் தீர்மானிக்கட்டும். உங்கள் கட்-ஆஃபுக்கு மேலே முடிந்த கல்லூரிகள் சில, அதையொட்டி முடிந்தவை நிறைய, அதற்குக் கீழே முடிந்தவை சில என்று பட்டியல் கீழே வரை போக வேண்டும். பத்தே பத்து எழுதி, பத்தும் நிறைந்துவிட்டால் அந்தச் சுற்றில் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. அடுத்த சுற்றில் மிச்சம் இருப்பதில்தான் தேட வேண்டியிருக்கும். பட்டியலை நீட்டுவதால் எந்த நஷ்டமும் இல்லை. ஒரே நிபந்தனை, கிடைத்தால் உண்மையிலேயே போய்ச் சேருவீர்கள் என்ற இடத்தை மட்டும் எழுதுங்கள்.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் கல்லூரிக் குறியீட்டு எண், பெயர், பாடப்பிரிவு. குறியீட்டு எண் முக்கியம். கிண்டிக்கு 1, குரோம்பேட்டை எம்ஐடிக்கு 4 என்பது போல ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் ஏராளமாக இருப்பதால், பெயரை மட்டும் நம்பினால் மாறிவிடும். இன்னொன்று, கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்துதான் ஒரு சாய்ஸ். நல்ல கல்லூரியில் இரண்டாம் பட்ச விருப்பப் பாடமா, சுமாரான கல்லூரியில் பிடித்த பாடமா என்ற கேள்விக்கு நோட்டில் எழுதும்போதே பிள்ளை பதில் சொல்லியாக வேண்டும். இதில் பொது விதி கிடையாது. பிள்ளையை உட்கார வைத்து, இரண்டு வரிகளை மட்டும் காட்டி, "இரண்டும் கிடைத்தால் எதில் சேருவாய்?" என்று கேளுங்கள். இப்படி இரண்டிரண்டாகக் கேட்டுக்கொண்டே போனால் வரிசை தானே அமைந்துவிடும்.

கல்லூரியை எடைபோட விளம்பரப் பலகை போதாது. தன்னுடன் இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். அந்தப் பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள். முடிந்தால் ஒரு வேலை நாளில் போய், கடைசி வருட மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். லேப் நடக்கிறதா, ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, கேம்பஸ் வேலை என்று சொல்வது என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான கல்விக் கட்டணத்தை அதற்கென உள்ள குழு நிர்ணயிக்கிறது. விடுதி, பஸ் கட்டணம் தனி. அதையும் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள்.

பட்டியல் கொடுத்ததும் தற்காலிக ஒதுக்கீடு வரும். அதற்குப் பதில் சொல்ல ஓரிரு நாள்தான் கிடைக்கும். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள சாய்ஸ் காலியானால் அதற்கு நகரக் காத்திருக்கலாம். இதைத்தான் அக்செப்ட் அண்ட் அப்வேர்டு என்கிறார்கள். கையில் உள்ளதை வேண்டாம் என்று விடும் வழிகளும் உண்டு. அவற்றை அழுத்தும் முன் இரண்டு முறை படியுங்கள். இங்கேதான் வரிசையின் அருமை மறுபடி தெரியும். அப்வேர்டு என்பது உங்கள் பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே எழுதியவற்றுக்கு மட்டும்தான். பயந்து சுயநிதிக் கல்லூரியை முதல் வரியில் எழுதிய பெண்ணுக்கு, பிறகு திருநெல்வேலியில் யாராவது சேராமல் இடம் காலியானாலும், நகர வழியே இல்லை.

சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் உண்டு.

பொறியியலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் கேட்கலாம். அங்கே தரவரிசையும் கலந்தாய்வும் அந்தந்தக் கல்லூரியில் நடக்கும். ஆகவே மேலே சொன்ன விதி அங்கே பொருந்தாது. அழைக்கும் நாளில் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்பதே முக்கியம். வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி. பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எல்லாக் கடைசித் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று வரும் தரகர் எழுதும் வரிசை, அவருக்குக் கமிஷன் தரும் கல்லூரியின் வரிசையாகத்தான் இருக்கும். டைப் செய்யத் தெரியாவிட்டால் அருகிலுள்ள கலந்தாய்வு உதவி மையத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். இந்த விதி தெரிந்த ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் கலந்தாய்வு நாட்களில் தங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒரு மதிய நேரம் உட்கார்ந்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உழைத்து வாங்கிய மதிப்பெண் ஒரு வதந்தியால் வீணாகக் கூடாது.